சர்க்கரை நோய்க்கு நிவாரணம் தேடும் ஆராய்ச்சி: நம் குடும்பங்களின் பங்கு என்ன?



நம் பக்கத்துக் கல்யாண விருந்தில் ஒரு சஹனைச் சுற்றி நான்கு பேர் உட்காருவோம். அந்த நான்கு பேரில் ஒருவர் நெய்ச்சோற்றைக் கொஞ்சமாக ஒதுக்கிக்கொண்டு, இனிப்பைத் தொடாமல், "எனக்கு சுகர் இருக்கு" என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. இதைக் கண்ணால் கண்ட அனுபவம் என்று மட்டும் எண்ண வேண்டாம். கணக்கும் அதையேதான் சொல்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவு 2023 ஜூனில் வெளிவந்தது. 20 வயதைக் கடந்த 1,13,043 பேரை வீடு வீடாகச் சென்று பரிசோதித்த ஆய்வு அது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். நம் காரைக்கால் அடங்கிய புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 26.3 சதவீதம். கோவா மட்டுமே 26.4 சதவீதத்தோடு நமக்கு ஒரு படி மேலே இருக்கிறது. நம் பிரதேசத்தின் சதவீதம் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

சஹனில் நால்வருக்கு ஒருவர் என்று நாம் சொன்னது அந்த 26.3 சதவீதம்தான்.

மருந்து, மாத்திரை, பத்தியம் பற்றி நிறையக் கட்டுரைகள் வந்துவிட்டன. இந்தக் கட்டுரையில் நாம் வேறொன்றைப் பேச விரும்புகிறோம். இந்த நோய்க்கு முழு நிவாரணம் தேடும் ஆராய்ச்சி இன்று எங்கே நிற்கிறது? அதற்கு நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பங்கள் என்ன செய்ய முடியும்? எதைச் செய்யக் கூடாது?

ஒரு பெயர், இரண்டு நோய்கள்

நிவாரணம் என்று பேசும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சர்க்கரை நோய் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் ஒரே நோயல்ல.

முதல் வகையில், உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் வருகிறது. அவர்களுக்கு இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர் இல்லை. பிள்ளை மிட்டாய் அதிகம் சாப்பிட்டதாலோ, உம்மா கவனிக்காததாலோ வருவதல்ல இது. அப்படிச் சொல்லி அந்தத் தாயை வேதனைப்படுத்துவதை நாம் நிறுத்த வேண்டும்.

இரண்டாம் வகையில், இன்சுலின் சுரந்தாலும் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. நம் சஹனில் உட்காரும் பெரும்பாலோருக்கு இருப்பது இதுதான்.

ஆகவே 'நிவாரணம்' என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள். முதல் வகைக்கு நிவாரணம் என்றால் அழிந்த பீட்டா செல்களைத் திரும்பக் கொண்டுவந்து காப்பாற்றுவது. இரண்டாம் வகைக்கு, மருந்தில்லாமலே சர்க்கரை அளவு இயல்பு நிலைக்கு வந்து அங்கேயே நிற்பது. மருத்துவர்கள் இதைக் 'குணமாகிவிட்டது' என்று சொல்வதில்லை. 'நோய் தணிந்திருக்கிறது' என்கிறார்கள். கவனம் தவறினால் திரும்பி வரும் என்பதால் அந்த எச்சரிக்கை.

இன்சுலின்: ஆராய்ச்சி நமக்குத் தந்த முதல் பரிசு

1921-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேண்டிங், பெஸ்ட், மெக்லியாட், காலிப் ஆகியோரின் உழைப்பால் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. ஜனவரி 11-ஆம் தேதி போட்ட முதல் ஊசி எதிர்பார்த்த பலன் தரவில்லை. மருந்தை இன்னும் சுத்திகரித்து ஜனவரி 23 முதல் மறுபடியும் போட்டார்கள். சிறுவன் தேறினான். அதற்கு முன் முதல் வகை நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் உயிரை நீட்டிப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்சுலினுக்கான காப்புரிமையைக் கண்டுபிடிப்பாளர்கள் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

நம் சமுதாயத்துக்கு இந்தக் கதையில் இன்னொரு பகுதியும் முக்கியம். முதல் அறுபது ஆண்டுகள் இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. உயிர் காக்கும் நிர்ப்பந்தம் என்று உலமாக்கள் அனுமதித்திருந்தாலும், ஊசி போடும்போதெல்லாம் மனதில் ஓர் உறுத்தலோடு வாழ்ந்த பெரியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அந்த உறுத்தலைத் தீர்த்ததும் ஆராய்ச்சிதான். 1978-இல் மனித இன்சுலினுக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து இன்சுலின் தயாரிக்க முடிந்தது. 1982-இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் மனித இன்சுலினும், அதைச் சிறிது மாற்றியமைத்த புதிய இன்சுலின்களும் பாக்டீரியா அல்லது ஈஸ்ட் மூலம் தயாரானவை. "இன்சுலின் பன்றியில் எடுப்பது" என்று சொல்லி ஊசியைத் தவிர்க்கும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், இதைச் சொல்லிப் புரிய வையுங்கள்.

இன்று ஆராய்ச்சி எங்கே நிற்கிறது?

இன்சுலின் நோயைக் கட்டுப்படுத்துகிறது, நிவாரணம் தருவதில்லை. நூறு ஆண்டுகள் கழித்து இப்போதுதான் நிவாரணத்தின் வெளிச்சம் தெரிகிறது.

2000-ஆம் ஆண்டு கனடாவின் எட்மண்டன் நகர மருத்துவர்கள், மரணித்தவர்கள் தானமளித்த கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிரித்து, முதல் வகை நோயாளிகள் 7 பேருக்குச் செலுத்தி அவர்களை இன்சுலின் ஊசியிலிருந்து விடுவித்தார்கள். ஆனால் தானமாகக் கிடைக்கும் கணையம் மிகக் குறைவு. அதை எல்லோருக்கும் கொடுக்க முடியாது.

அந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்க வழி காட்டியவர்களில் ஒருவர், அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டக்ளஸ் மெல்ட்டன். இவருடைய மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே முதல் வகை நோய் வந்தது. பின்னர் மகளுக்கும் வந்தது. அதுவரை செய்துகொண்டிருந்த ஆய்வை விட்டுவிட்டு, ஒரு தகப்பனாக இந்த நோயின் பக்கம் திரும்பினார். 2014-இல் ஸ்டெம் செல்களிலிருந்து பீட்டா செல்களை ஆய்வகத்திலேயே பெருமளவில் உருவாக்கிக் காட்டினார். அந்த வழியில் வந்த சிகிச்சையின் சோதனை முடிவு 2025 ஜூனில் வெளிவந்தது. முழு அளவு செல்களைப் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை.

இந்தச் செய்தியைப் பாதி மட்டும் சொல்வது சரியல்ல. அந்தச் செல்களை உடல் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். அந்தச் சோதனையில் பங்கேற்றவர்களில் இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் மரணம் மூளையுறைத் தொற்றால் நேர்ந்தது. ஆகவே இது நாளை நம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும் சிகிச்சையல்ல. ஆயினும் கதவு திறந்துவிட்டது.

2024 செப்டம்பரில் சீனாவின் தியான்ஜினிலிருந்து ஒரு செய்தி வந்தது. முதல் வகை நோயுள்ள 25 வயதுப் பெண்ணின் சொந்த உடல் செல்களையே மாற்றியமைத்து, இன்சுலின் சுரக்கும் செல்களாக்கி அவருக்கே செலுத்தினார்கள். 75 நாட்களில் அவருக்கு ஊசி தேவையில்லாமல் போனது. அமெரிக்காவில் 2022 நவம்பரில் அனுமதி பெற்ற டெப்லிசுமாப் என்ற மருந்து, முதல் வகை நோய் வரும் நிலையில் இருப்பவர்களுக்கு அது வருவதைச் சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது. ஒரு பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் ஊசியில்லாத வாழ்வு என்றால் அதன் மதிப்பு அந்தப் பெற்றோருக்குத்தான் தெரியும்.

இரண்டாம் வகையில் பெரிய திருப்பம் பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வு. நோய் வந்து 6 ஆண்டுகளுக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேர் மருந்தின்றி இயல்பு நிலைக்கு வந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் எடை குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. இரண்டாம் ஆண்டில் அந்த 46 சதவீதம் 36-ஆகக் குறைந்தது. அதாவது, விடாமல் கவனித்தால்தான் நிலைக்கும். இதை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. மாத்திரையும் ஊசியும் எடுப்பவர் திடீரென்று உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது 'டயாபடீஸ் யுகே' என்ற தொண்டு நிறுவனம். நோயாளிகளும் அவர்களின் குடும்பத்தாரும் பொதுமக்களும் தரும் நன்கொடையால் இயங்குவது அது. அதுபோல, முதல் வகை நோய்க்கான ஆராய்ச்சிக்கு உலகில் மிக அதிகமாக நிதி தரும் அமைப்புகளில் ஒன்றை 1970-இல் அமெரிக்காவில் தொடங்கியவர்கள், நோயுற்ற பிள்ளைகளைப் பெற்ற தாய் தகப்பன்மார்தான். மருந்துக் கம்பெனிகளுக்கு மாத்திரையை விற்பதில் லாபம் உண்டு. உணவை மாற்றி நோயைத் தணிக்கும் ஆய்வில் அவர்களுக்கு என்ன லாபம்? அந்த இடத்தைக் குடும்பங்களின் ஸதகாதான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

சென்னை சொல்லும் பாடம்

ஆராய்ச்சி என்றால் கனடா, அமெரிக்கா என்று நினைத்துவிட வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் மு. விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டில் அத்தகைய முதல் முயற்சிகளில் ஒன்று அது. அவர் வழியில் வந்தவர்கள் சென்னையை நீரிழிவு ஆராய்ச்சியின் முக்கியமான ஊராக்கினார்கள். 1989-இல் சென்னை நகரத்தில் 8.3 சதவீதமாக இருந்த நோய், 1995-இல் 11.6, 2000-இல் 13.5, 2004-இல் 14.3 சதவீதமாக ஏறியதை அவர்களின் ஆய்வுகள்தான் காட்டின. 2001-இல் தொடங்கிய 'கியூர்ஸ்' ஆய்வுக்காகச் சென்னையில் 26,001 பேர் விரல் நீட்டி ரத்தம் கொடுத்தார்கள். அவர்கள் தயங்கியிருந்தால் நமக்கு இந்த எச்சரிக்கையே கிடைத்திருக்காது.

டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடைப்பயிற்சியையும் உணவு மாற்றத்தையும் விடாமல் கடைப்பிடித்த பிரிவில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்த பிரிவில் 40.5 சதவீதம். நடையும் உணவுமே மாத்திரைக்குச் சமமான பலன் தந்தன. பிறகு சென்னையிலேயே 578 பேரைக் கொண்டு நடந்த 'டி-கிளிப்' ஆய்விலும் நோய் வரும் ஆபத்து 32 சதவீதம் குறைந்தது.

வெள்ளைக்காரர்களிடம் செய்த ஆய்வு நமக்குப் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தன் பிரிட்டிஷ் சகாவோடு தன்னையே ஒப்பிட்டு 2004-இல் எழுதியது இதற்குப் போதுமான சாட்சி. உயரத்துக்கேற்ற எடை என்ற கணக்கில் இருவரும் ஒன்றுதான், ஆளுக்கு 22.3. ஆனால் பிரிட்டிஷ்காரரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், நம் நாட்டவரின் உடலில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பைச் சுமக்கும் உடல் நம்முடையது. "நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி சுகர் வரும்?" என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. நம் உடலைப் பற்றி நம்மிடம் ஆய்வு செய்தால்தான் நமக்கேற்ற வழி தெரியும்.

உணவு விஷயத்திலும் அப்படித்தான். இண்டியாப் ஆய்வில் 18,090 பேரின் உணவைக் கணக்கிட்டு 2022-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இந்தியர்கள் பெறும் சக்தியில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதை 49 முதல் 54 சதவீதத்துக்குள் கொண்டுவந்து, புரதத்தை 19, 20 சதவீதமாக உயர்த்தினால், புதிதாக நோய் வந்தவர்களுக்கு அது தணிய வாய்ப்பு இருக்கிறது என்பது அந்த முடிவு. நம் வீட்டு மொழியில் சொன்னால், தட்டில் சோறும் இடியாப்பமும் பரோட்டாவும் குறைய வேண்டும். மீன், முட்டை, பருப்பு, கீரை கூட வேண்டும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு மீனுக்கு என்ன பஞ்சம்?

நோன்பும் ஆராய்ச்சியும்

முஸ்லிம்கள் பங்கேற்றாலன்றி நடக்கவே முடியாத ஆய்வும் உண்டு. ரமளான் நோன்பு பற்றிய ஆய்வு அது. 2001-இல் 13 நாடுகளில் 12,243 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 'எபிடியார்' ஆய்வில், முதல் வகை நோயாளிகளில் 43 சதவீதம் பேரும், இரண்டாம் வகை நோயாளிகளில் 79 சதவீதம் பேரும் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு நோற்றதாகத் தெரிந்தது. நோயாளிக்குச் சலுகை உண்டு என்று மார்க்கம் சொல்லியும் மக்கள் நோன்பை விடுவதில்லை என்பது அதனால் மருத்துவ உலகுக்குப் புரிந்தது. கூடவே ஓர் அபாயமும் தெரிந்தது. சர்க்கரை மிகவும் இறங்கி ஆஸ்பத்திரியில் சேரும் நிலை, மற்ற மாதங்களைவிட ரமளானில் முதல் வகையினருக்கு 4.7 மடங்கும், இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்கும் கூடியிருந்தது.

அந்தக் கண்டுபிடிப்புகளிலிருந்துதான் இன்றைய வழிகாட்டுதல்கள் பிறந்தன. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு நோற்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று கேட்க வேண்டும். நோன்பின்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை முறிக்க வேண்டும். விரலில் குத்திப் பரிசோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. இஃப்தாரில் கஞ்சி, சமோசா, கடல்பாசி, சர்பத் என்று ஒரே நேரத்தில் அள்ளிக்கொள்வது மருந்தின் வேலையைக் கெடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த 12,243 பேர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்திருந்தால் இன்று நம் மருத்துவரிடம் சொல்வதற்கு இவ்வளவு தெளிவான பதில் இருந்திருக்காது. ஆராய்ச்சிக்கு உதவுவது என்றால் பணம் கொடுப்பது மட்டுமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நாம் என்ன செய்யலாம்?

1. ஆய்வில் பங்கேற்கலாம். வீடு வீடாக வரும் சுகாதாரக் கணக்கெடுப்பில் கதவைச் சாத்தாமல் பதில் சொல்வது முதல் படி. நம் காரைக்காலில் 2016 முதல் ஜிப்மரின் கிளை இயங்குகிறது. சென்னையிலும் புதுச்சேரியிலும் சிகிச்சைக்குப் போகிறவர்கள், தமக்குப் பொருத்தமான ஆய்வு ஏதும் நடக்கிறதா என்று மருத்துவரிடமே கேட்கலாம்.

"எங்களைச் சோதனை எலி ஆக்குகிறார்களா?" என்ற பயம் இயல்பானது. அதற்காகத்தான் சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் நடக்கும் மருந்துச் சோதனைகள் 2009 ஜூன் முதல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் கட்டாயம் பதிவாக வேண்டும். அந்தப் பதிவெண்ணைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லோரோடும் பேசி, பிறகு கையெழுத்துப் போடுங்கள். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகியதால் வழக்கமான சிகிச்சை நிற்காது. 2019-இன் விதிகளின்படி சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் பெற உரிமை உண்டு. சோதனையில் சேர உங்களிடமே பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

2. பொருளால் உதவலாம். பிறருக்குப் பயன் தரும் கல்வி, ஒருவர் மறைந்த பிறகும் நன்மை சேர்த்துக்கொண்டிருக்கும் என்பது நாம் அறிந்த மார்க்கப் போதனை. ஸதகத்துல் ஜாரியா என்றதும் கிணறும் பள்ளிவாசலும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. ஓர் ஆய்வகத்துக்குக் கொடுக்கும் கருவியும், ஆய்வு மாணவருக்குக் கொடுக்கும் உதவித்தொகையும் அந்த வரிசையில் சேரத் தகுதியானவை. ஜகாத் விஷயம் வேறு. அது எட்டு வகையினருக்கு உரியது. அதை ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா என்பதை உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் இன்சுலின் வாங்க வசதியில்லாத ஏழைப் பிள்ளை உங்கள் தெருவிலேயே இருந்தால், ஜகாத்துக்கு அந்தப் பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்?

சபரில் இருக்கும் நம் சகோதரர்கள் ஒரு சட்ட விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியே இந்திய நிறுவனத்துக்குக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் உண்டு. அவர்களும் மற்ற வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களும் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-இன் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு அல்லது முன் அனுமதி பெற்ற நிறுவனம் மட்டுமே அதை வாங்கலாம். பதிவுச் சான்றைப் பார்த்துவிட்டுக் கொடுப்பது இருவருக்கும் பாதுகாப்பு. தனி ஆளின் கணக்குக்கு 'ஆராய்ச்சிக்கு' என்று யார் கேட்டாலும் அனுப்ப வேண்டாம்.

3. பொய் நிவாரணத்துக்குப் பணம் கொடுக்காமல் இருக்கலாம். "பத்தே நாளில் சுகர் போகும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் பொடியும் கஷாயமும் நம் குடும்பங்களின் பணத்தை மட்டுமல்ல, சிறுநீரகத்தையும் கண்ணையும் பறிக்கின்றன. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே குற்றம். அந்தச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. கருஞ்சீரகத்தின் பெயரிலும் நபிவழி மருத்துவத்தின் பெயரிலும் இந்த வியாபாரம் நடப்பது இன்னும் வேதனை. மார்க்கத்தின் பெயரைப் போட்டு விற்பதால் ஒரு பொருள் பரிசோதிக்கப்பட்டதாக ஆகிவிடாது. அத்தகைய செய்தியைப் பகிராமல் நிறுத்துவதும் ஒரு ஸதகாதான்.

4. பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். நம் வீட்டு ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் மருத்துவர் ஆவதோடு நில்லாமல் உயிரியல், புள்ளியியல், உணவியல் ஆராய்ச்சிக்கும் போக வேண்டும். ஜமாஅத்துகள் தரும் கல்வி உதவியில் ஆராய்ச்சிப் படிப்புக்கும் ஓர் இடம் ஒதுக்கினால் என்ன?

5. ஜமாஅத்தாகச் செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறை, ஷஃபான் மாதத்தில் பள்ளிவாசல் வளாகத்தில் மருத்துவர்களைக் கொண்டு சர்க்கரைப் பரிசோதனை நடத்தலாம். பெண்களுக்குத் தனி இடமும் பெண் பணியாளரும் இருந்தால் நம் வீட்டுப் பெண்களும் தயங்காமல் வருவார்கள். நோயின் வாசலில் இருப்பவர்களைக் கண்டுபிடித்து, அரசலாற்றங்கரை வழியே கடற்கரை வரை காலையில் அரை மணி நேரம் நடக்கச் சொன்னால், சென்னை ஆய்வு சொன்ன மருந்தை நம் ஊரிலேயே கொடுத்தவர்களாவோம்.

காத்திருக்கும் காலத்தில்

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நிவாரணம் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் இன்றைய மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நாளைய சிகிச்சை நம்மிடம் வந்து சேரும்போது நம் கண்ணும் சிறுநீரகமும் காலும் இதயமும் அதைப் பெறும் நிலையில் இருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை, சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனை, தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது ஆகியவை இன்று நம் கையில் இருக்கின்றன.

எந்த நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை வைத்தே இருக்கிறான் என்பது நம் ஈமானோடு சேர்ந்த நம்பிக்கை. அந்த நிவாரணத்தைத் தேடும் வேலை மனிதனுக்குரியது. தேடுகிறவர்களுக்கு விரல் நீட்டி ஒரு துளி ரத்தம் கொடுப்பவரும், ஒரு நாள் வருமானத்தைக் கொடுப்பவரும், பொய்ச் செய்தியைத் தன்னோடு நிறுத்திக்கொள்பவரும் அந்தத் தேடலில் பங்காளிகள்தான். நம் பிள்ளைகள் பெரியவர்களாகி ஒரு சஹனைச் சுற்றி உட்காரும்போது, "எனக்கு சுகர் இருக்கு" என்று ஒதுங்கும் நான்காம் ஆள் இல்லாமல் போகட்டும், இன்ஷா அல்லாஹ். அதற்காக துஆச் செய்வோம், நம்மால் ஆனதையும் செய்வோம்.